கைக்கு எட்டின பூ

அட, அந்தப் பையி மேல கையை ஊனாதே அம்மிணி. நசுங்கிப் போயிரும். சாமி சமாச்சாரம் உள்ள இருக்குது. சித்தெ இக்கட்டால நகத்தி வை. ஆ, அப்படித்தான். நீ சன்னலோரம் உக்காந்துக்கோ, எனக்குக் காத்து ஆகாது. தாராபுரத்துக்கா? நானும் அங்கதான் எறங்கோணும். என்ற மக ஊடு அங்கதான். பூங்கொடின்னு பேரு.

கல்யாணம் ஆயிருச்சா உனக்கு? மாமியா இருக்கறாங்களா? செரி. உம்மூஞ்சியப் பாத்தா நல்ல புள்ளையாட்டத் தெரியுது, அதனால கேக்கறேன். மாமியாகிட்டச் சின்னச் சின்னப் பொய்யி சொல்லியிருப்பே. எல்லாரும் சொல்றதுதான். நானே சொல்லியிருக்கறேன், கடையில எடுத்த சேலைய எங்கம்மா எடுத்துக் குடுத்துச்சுன்னு. அது போகட்டும். ஆனாச் சாமிய ஏமாத்துவியா? கோயில்ல நின்னுக்கிட்டு, கற்பூரம் எரியறப்ப, ஆத்தா கண்ணு முன்னால ஏமாத்துவியா? மாட்டேயில்ல? என்ற மருமக ஏமாத்திப் போட்டா. ரேணுகா. பி.எஸ்ஸி. படிச்சவ. படிப்புன்னா அப்படியாப்பட்ட படிப்பு.

சொல்றேன் கேளு. பஸ்ஸு இப்பத்தான் காங்கயம் தாண்டியிருக்குது, ஊரு வாரக்கு நேரங் கெடக்குது.

எல்லாம் அந்த கேம்ப்புல ஆரம்பிச்சது. எங்கூர்ப் பள்ளிக்கூடத்துல பந்தல் போட்டு, மைக்குக் கட்டி, புத்துநோய் கேம்ப்புன்னு ஒண்ணு நடத்துனாங்க. வாசல்ல ஒரு பேனரு. அதுல ஒரு பொம்பள பல்லத்தனையும் காட்டிச் சிரிச்சுட்டு நிக்கறா. ஏனம்மிணி, புத்துநோய்க்கு வர்றவ சிரிச்சுட்டா வருவா? அப்பறம் பேச்சு. தலைவரு பேசுனாரு, துணைத் தலைவரு பேசுனாரு, ரைஸ் மில்லுக்காரரு பேசுனாரு. ஒருத்தருக்கு ஒருத்தரு துண்டு போத்திக்கிட்டாங்க. வந்திருந்த டாக்டரம்மா, சின்னப் புள்ள, உன்ற வயசுதான் இருக்கும், அது மைக்கப் புடிக்கறக்குள்ள பொழுது உச்சிக்கு வந்துருச்சு. அது பாவம் வாயத் தொறந்ததும் அக்கட்டால எலுமிச்சஞ்சோத்துப் பொட்டணம் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. எல்லாரும் எந்திரிச்சு ஓடியாச்சு. டாக்டரம்மா காலிச் சேருங்களுக்குச் சொல்லுச்சு, மாசம் ஒருக்கா நீங்களே கையால தடவிப் பாத்துக்கோணும், கட்டி கிட்டி இருந்தா உடனே வரோணும்னு. நான் மட்டும் உக்காந்திருந்தேன். முட்டி வலி, சட்டுன்னு எந்திரிக்க முடியல, அதனால.

இன்னொரு கூத்துக் கேளு. சக்கரை பாக்கறக்கு ஒரு வரிசை, பிரஷரு பாக்கறக்கு ஒரு வரிசை. மாரு பாக்கறக்கு மட்டும் தனியா ஒரு ரூமு. நல்ல ரூமுதான், தெரையெல்லாம் தொங்க விட்டிருந்தாங்க. ஆனா அதுக்கு வாசப்படி எங்க இருக்குது? டீக்கடைக்கு நேரா! ஊர்ல வெட்டியா இருக்கறவன் அத்தனை பேரும் பெஞ்சியில உக்காந்து வாசலையே பாத்துட்டு இருக்கறான். எவ உள்ள போவா? அங்க கால வெச்சாப் போதும், பொழுது சாயறக்குள்ள அவளுக்குப் புத்துநோயின்னு ஊரு முடிவு பண்ணீரும். அப்பறம் அவ புள்ளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? இது கூடத் தெரியல, இவிய கேம்ப்பு நடத்த வந்துட்டாங்க.

அந்த ரூமுக்குள்ள மொத ஆளாப் போனது ஆருங்கறே? என்ற மருமக. சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பாத்துப்போட்டு, விறுவிறுன்னு உள்ள போயிட்டா. அவளப் பாத்துத்தான் பொறவால ஏழெட்டுப் பேரு போனாளுக. நான் தலைய முந்தானையில மூடிக்கிட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். எங்க ஊட்டுக்காரரு அன்னிக்கு டீக்கடைப் பக்கமே போகல. அவ்வளவு அவமானம்.

வந்து என்ன சொன்னாங்கறே? "அத்தை, எனக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. நீங்களும் வந்திருக்கலாம்"ங்கறா. உனக்கு ஒண்ணுமில்லீல்ல, வாய மூடிக்கிட்டு இருந்துக்க வேண்டியதுதான? இருப்பாளா! எனக்குத் தோளு புடிச்சுக்கிட்டா முதுகு தேய்க்கறக்கு அவதான் வருவா. அதும் நாங் கூப்புடறதில்ல, அவளா வந்து நிப்பா. கேம்ப்பு முடிஞ்ச வாரம் அப்படித்தான் வந்தா. முதுகு தேய்க்க வந்த கை முதுகுல இருக்கோணுமா இல்லியா? அது கக்கத்துக்குப் போகுது. கக்கத்துல இருந்து முன்னால வருது. அடியே என்னடி பண்றேங்கறேன், "அத்தை, சித்தெ கையத் தூக்குங்க"ங்கறா. சோப்புக் கையோட அப்படியே நிக்கறா.

கட்டி. இங்க, இடது பக்கம். நெல்லிக்காயாட்ட. எனக்கு முன்னாலயே தெரியும். சொல்றக்கு என்ன இருக்குது? வலிக்கவே இல்லியே! வலிச்சாத்தான நோவு? வலிக்காத கட்டிய எவளாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாளா? இவ என்னடான்னா, "வலிக்காததுதான் அத்தை பயம், அந்த டாக்டரம்மா சொன்னாங்க"ங்கறா. பாத்துக்க. வலிச்சாலும் பயம், வலிக்காட்டியும் பயம். அப்பறம் மனுசன் எப்பத்தான் பயப்படாம இருக்கறது?

அன்னியில இருந்து புடிச்சுது சனி. ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க. சோறு போடறப்ப ஒருக்கா, பால் கறந்துட்டு வர்றப்ப ஒருக்கா. ஊசி வெச்சு எடுத்துப் பாப்பாங்களாம். ஊசி! எங்கூர்ல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும், புத்துக்கட்டியில இரும்பு படப்படாது. கத்தி பட்டா ஒடம்பெல்லாம் பரவீரும். சொன்னாச் சிரிக்கறா. என்ற மகன் சம்முகம் இருக்கறானே, அவங்கிட்டக் கேட்டா போன நோண்டிட்டே "ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க"ங்கறான். எங்க ஊட்டுக்காரரு, "உன்ற ஒடம்பு, உன்ற இஷ்டம்"னுட்டு வேப்ப மரத்தடிக்குப் போயிட்டாரு. பக்கத்து ஊட்டுக்காரி கத்தாழைய அரைச்சுக் கட்டச் சொன்னா. எதுத்த ஊட்டுக்காரி கோமியங் குடிக்கச் சொன்னா. அவளுக்கு முட்டி வலிக்கும் கோமியந்தான், மூலத்துக்கும் கோமியந்தான். முட்டாளுக.

எங்கக்கா பாவாயியப் பத்திச் சொல்லோணும். அவளுக்கும் இதே எடத்துலதான் வந்துச்சு. அவ ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போறேன்னு நின்னாரு. நாந்தான் மாமா, மொதல்ல ஆத்தாகிட்ட பூக்கேக்கலாம்னு சொன்னேன். பூக்கேக்கறது தெரியுமா உனக்கு? ஒரு பொட்டணத்துல வெள்ளப் பூவு, ஒரு பொட்டணத்துல செவப்புப் பூவு. ரெண்டையும் ஒரே மாதிரி மடிச்சுச் சாமி காலடியில போடோணும். வெள்ளை வந்தா உத்தரவு, செய்யலாம். செவப்பு வந்தா வேண்டாம். பொண்ணு பாக்கறதுல இருந்து போரு போடற வரைக்கும் எங்கூர்ல அப்படித்தான். எங்கக்காளுக்கு நாந்தான் எடுத்தேன். செவப்பு. ஆத்தா வேண்டாம்னுட்டா. அப்பறம் என்ன பண்றது? அடுத்த மாரியம்மன் நோம்பி பாக்காமப் போயிட்டா. கடைசியில கை வீங்கி, வளையல வெட்டி எடுத்தோம். ஊர்ல ஒருத்தரும் ஒரு பேச்சுப் பேசல. விதி. எடுத்ததுதான் என்ற கை, சொன்னது சாமி. கத்தி படாம முழு ஒடம்போட போனா, அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

எதுக்கு அப்படிப் பாக்கறே? தண்ணி இருந்தாச் சித்தெ குடு.

ஆ. எங்க விட்டேன்? இந்த ரேணுகா ஓயாம அனத்துனாளா, நான் ஒரே பேச்சாச் சொல்லிப் போட்டேன். எங்கக்காளுக்குக் கேட்டாப்பல எனக்கும் மாகாளியாத்தாகிட்ட பூக்கேக்கலாம். வெள்ளை வந்தா நீ சொல்ற எடத்துக்கு வர்றேன். செவப்பு வந்தா இந்த ஊட்டுல ஆஸ்பத்திரிங்கற பேச்சே எடுக்கப்படாது. சண்டை புடிப்பாள்னு பாத்தேன். முந்தானையில கையத் தொடச்சா. அப்பறம், "செரிங்க அத்தை, கேட்டுப்போடலாம். பூவு நானே பறிச்சு மடிச்சுக் கொண்டாறேன்"ங்கறா. கோயிலுக்குப் போலாம்னாத் தலை வலிக்குதுங்கறவ! அப்பவே எனக்குத் தட்டியிருக்கோணும். தட்டல. பரவால்ல, புத்தி வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

வெள்ளிக்கெழம. கோயில்ல பூசை பண்ற பண்டாரம் ரெண்டு பொட்டணத்தையும் வாங்கி ஆத்தா காலடியில போட்டாரு. எங்களுக்குத் தோட்டத்துல ரெண்டு வரப்பு அரளி இருக்குது, வெள்ளரளியும் செவ்வரளியும். அந்தப் பூவுதான், பேப்பர்ல மடிச்சது. நான் கண்ண மூடி, ஆத்தா, நீயே பாத்துக்கன்னு கும்புட்டு ஒண்ணு எடுத்தேன். பிரிச்சா வெள்ளை. பண்டாரம் மணியடிச்சாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எடுக்காத பொட்டணத்தப் பிரிக்கப்படாது, கோயில் கெணத்துல போட்டுரோணும். கெணத்துக்குத்தான் இப்ப கம்பி மூடி போட்டுப் பூட்டி வெச்சிருக்கறாங்களே. சாவி ஆருகிட்டன்னு தேடறக்குள்ள இவ அவசரப்படுத்துனா. நானும் அதை இடுப்புச் சுருக்குப் பையில சொருகிக்கிட்டேன், வாய்க்கால்ல போட்டுக்கலாம்னு. ஊட்டுக்கு வந்து பாத்தா, எனக்குச் சேலை, துண்டு, டம்ளரு எல்லாம் வெச்சுப் பையி கட்டித் தயாரா வாசல்ல இருக்குது! எப்பக் கட்டுனேன்னு கேட்டா, காலையிலயேங்கறா. ஆத்தா என்ன சொல்லுவாள்னு காலையிலயே இவளுக்கு எப்படித் தெரியும்? அதையும் நான் அப்ப நெனைக்கல. வெள்ளந்தி நானு.

ஆஸ்பத்திரிக் கதை என்ன சொல்றது. ஊசி வெச்சாங்க, படம் புடிச்சாங்க, அதேதான்னாங்க. டாக்டரு என்ற ரிப்போர்ட்டப் பாத்துப்போட்டு, "ஆரம்பத்துலயே வந்துட்டீங்கம்மா, வேற எங்கயும் பரவல. இன்னும் ஒரு வருசம் போயிருந்தா இப்படிப் பேசிக்கிட்டு இருக்க முடியாது. ஆரு உங்களக் கூட்டீட்டு வந்தது?"ன்னு கேட்டாரு. ஆத்தா கூட்டீட்டு வந்தாள்னு சொன்னேன். இவ பொறவால நின்னுட்டு என்ற பையி வாரச் சரி பண்ணுனா. ஊசி குத்துனாப் பரவீருமில்லீங்களான்னு நான் கேட்டேன். "குத்தாம உட்டாத்தாம்மா பரவும்"னுட்டாரு. வெடுக்குன்னு பேசறவரு.

ஆபரேசன் ஆச்சு. அப்பறம் மெசினுல படுக்க வெச்சுக் கரண்டு வெக்கறதுன்னு நித்தமும் ஈரோட்டுக்குப் போயிப் போயி வரோணும். இவளும் கூடவே வருவா. ஆரு கேட்டா? பஸ்ஸுல தூங்கி என்ற தோள் மேலயே சாயுவா. அதும் வெட்டுப்பட்ட பக்கம் இல்ல, பாத்து இந்தப் பக்கம் சாயுவா. அம்புட்டு வெவரம்.

ஊட்டுல பாக்க வந்த ஒறம்பரைகளச் சொல்லோணும். ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வாங்கிட்டு வந்து, என்னமோ எழவு ஊட்டுக்கு வந்தாப்பல உக்காந்துக்கறது. எங்க சின்ன நங்கையா, எங்க ஊட்டுக்காரரு கூடப் பொறந்தவ, வந்தா. நான் குடுத்த காப்பிய வாங்கி அப்படியே கீழ வெச்சுட்டா. கேட்டா விரதமாம். புதங்கெழம என்னடி விரதம் உனக்கு? தொட்டா ஒட்டிக்கும்னு பயம். நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு என்ற காப்பியப் பாதி குடிச்சுட்டு வெச்சேன். இந்த ரேணுகா வந்தா, அத்தனை பேரு முன்னாலயும் என்ற டம்ளர எடுத்து மிச்சத்த மடக்குன்னு குடிச்சுப்போட்டு, டம்ளரக் கழுவக் கொண்டு போயிட்டா. எச்சக் காப்பி! படிச்சவ பண்ற காரியமா இது? நங்கையா மூஞ்சி செத்துப் போச்சு. எனக்கு ஒறம்பரை முன்னால தலை காட்ட முடியல. இவள எப்படித்தான் வளத்தாங்களோ.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன் அம்மிணி. ஒரு நா வெத்தலை போடறக்குக் கொட்டைப்பாக்குத் தேடுனேன். இந்த டாக்டரு அதையும் உடச் சொல்லீட்டாரு, வாயிலயும் வருமாம், இருந்தாலும் ஒண்ணே ஒண்ணு கெடக்குதான்னு சுருக்குப் பையத் தொழாவுனேன். கையில அந்தப் பொட்டணம் மாட்டுச்சு. ஆத்தா பொட்டணம்! வாய்க்கால்ல போடாம மறந்தே போயிட்டேன். ஐயோ சாமி குத்தம் ஆயிருச்சேன்னு கன்னத்துல போட்டுக்கிட்டு எடுக்கறேன், பேப்பரு கிழிஞ்சு பூவு கீழ உழுந்துருச்சு. காஞ்ச பூவு. செவ்வரளி காஞ்சாக் கருஞ்செவப்பா நிக்கும். இது வைக்கோலு நெறத்துல இருக்குது. சந்தைக்கு அரளி போட்டு மகளக் கட்டிக் குடுத்தவ நானு, எனக்குத் தெரியாதா? வெள்ளரளி!

இதுலயும் வெள்ளை, அதுலயும் வெள்ளை.

நேரா அடுப்படிக்குப் போனேன். தோசை சுட்டுட்டு இருந்தா. பூவ நீட்டுனேன். ஒரு பார்வை பாத்தா. தோசையத் திருப்பிப் போட்டா. "ஆமாங்க அத்தை, ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன். செவப்பு வந்திருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க"ங்கறா. சாமி கண்ணக் குத்துமேடீன்னு கத்துனேன். "என்ற கண்ணத்தான குத்தும், குத்தீட்டுப் போகட்டும். நீங்க தோசை சாப்புடுங்க"ங்கறா. பாரு நெஞ்சழுத்தத்த! அதோட பேச்ச நிறுத்துனேன். ஆடியில நிறுத்துனது, தைப்பொங்கலுக்கு எங்க ஊட்டுக்காரரு கால்ல உழாத கொறையாச் சொல்லித்தான் பேசுனேன். அதும் உப்புப் பத்தல, புளிப்புப் பத்தலங்கற அளவுக்குத்தான்.

வெளிய சொல்லவும் முடியல. ஊரே பேசுது, நல்லம்மாளுக்கு ஆத்தா உத்தரவு குடுத்துப் பொழைக்க வெச்சாள்னு. நான் போனா எந்திரிச்சு எடங் குடுக்கறாளுக. நோம்பியில மொதப் படையல் எனக்கு. அதுல போயி, இல்ல, என்ற மருமக ஏமாத்திப் போட்டாள்னு சொல்ல முடியுமா? குடும்ப மானம் என்னாகறது? இப்ப எங்கூர்ல எவளுக்குக் கட்டின்னாலும், எரிச்சல்னாலும், வெள்ளப்படுதுன்னாலும் மொதல்ல பூவுதான். தறிக்காரரு சம்சாரம் சரசா கூடக் கேட்டா. செவப்பு வந்துருச்சு, ஊட்டுலயே உக்காந்துட்டா. ரேணுகா அவ ஊட்டுக்கு நடையா நடக்கறா. அவ சொல்றா, "நல்லம்மாக்காளுக்குச் சாமி வெள்ளை குடுத்துச்சு, எனக்குச் செவப்புக் குடுத்துச்சு, நான் போக மாட்டேன்"ங்கறா. ரேணுகா ஊட்டுக்கு வந்து என்னையவே பாக்கறா. என்னைய எதுக்குடி பாக்கறே? சரசாளுக்குப் பொட்டணம் மடிச்சது நானா?

செரி, அது கெடக்கட்டும். தாராபுரத்துக்கு எதுக்குப் போறேன்னு சொல்றேன்.

டாக்டரு அப்பவே சொன்னாரு, உங்கக்காளுக்கும் வந்திருக்குது, உங்களுக்கும் வந்திருக்குது, உங்க பொண்ணையும் வந்து பாத்துக்கச் சொல்லுங்கன்னு. சொன்னேன். பூங்கொடி இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளுனா. அவ மாமியா, அது ஒரு தனிப் பிறவி, "எங்க ஊட்டுக்கு வந்தவளுக்கு அதெல்லாம் வராது"ன்னுட்டா. வராதாமா! நோவு ஊட்டுக் கதவுல பேரப் பாத்துட்டா வருது? போன வாரம் பூங்கொடி போன்ல அழுகறா. "அம்மா, எனக்கும் இருக்குதும்மா. கையில தட்டுப்படுது"ங்கறா. கெளம்புடி ஆஸ்பத்திரிக்குங்கறேன். "அம்மா, எனக்குப் பயமா இருக்குது. பெரியம்மாளுக்குச் செவப்பு வந்துச்சு, போயிட்டாங்க. உனக்கு வெள்ளை வந்துச்சு, பொழச்சுட்டே. எனக்கும் ஆத்தாகிட்ட கேளும்மா. வெள்ளை வந்தாத்தான் போவேன். செவப்பு வந்தா என்ற விதின்னு இருந்துக்கறேன், ஒருத்தரும் என்னையக் கூப்புடப்படாது"ங்கறா.

நான் சொன்ன அதே பேச்சு. ஒரு சொல்லு மாறல.

ரேணுகா சொன்னா, "உள்ளதச் சொல்லிப்போடுங்க அத்தை"ன்னு. எப்படிச் சொல்றது? இத்தனை நாளா ஆத்தா குடுத்த உத்தரவுன்னு நானே வாயாரச் சொல்லீட்டுத் திரிஞ்சிருக்கறேன். இப்பப் போயி அது பொய்யின்னா, அவ எதைத்தான் நம்புவா? ஒண்ணையும் நம்பாம மூலையில உக்காந்துக்குவா. அவளுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைக அம்மிணி. சின்னவ இன்னும் தலை பின்னத் தெரியாதவ.

அதனாலதான் பூவு கொண்டு போறேன். எங்க கோயில்ல வெச்சுக் கும்புட்டாச்சு. அங்க போயி வெளக்கேத்தி, அவ ஊட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால எடுத்துரலாம். இந்தாரு, ரெண்டு பொட்டணம். வெளிய இருந்து பாத்தா வித்தியாசம் தெரியுதா உனக்கு? தெரியலீல்ல? நல்லாப் பாத்துச் சொல்லு.

ஒண்ணு பண்றியா கண்ணு? நீ ஒண்ணு எடு. ஆமா, நீதான். நீ ஆரோ, நான் ஆரோ, உன்ற கையில பாவமும் இல்ல புண்ணியமும் இல்ல. ஒண்ணும் நெனைக்காம எடு.

பிரி.

வெள்ளையா? வெள்ளைதான? ஆத்தா! மாகாளித் தாயே! பாத்தியா, குடுத்துட்டா. உத்தரவு குடுத்துட்டா.

ஏய் ஏய், அதை எதுக்கு எடுக்கறே? குடு இங்க. எடுக்காத பொட்டணத்தப் பிரிக்கப்படாதுன்னு இத்தனை நேரமாச் சொல்லீட்டு வர்றேன்! சாமிய சந்தேகப்படற மாதிரி ஆயிரும். என்ன இருக்குதா? பூவு இருக்குது. பூக்கேக்கறதுன்னாப் பூவுதான இருக்கும், புளியங்கொட்டையா இருக்கும்?

சிரிக்காதே. செவ்வரளிச் செடி உசரமா வளந்து கெடக்குது. எனக்குத்தான் ஆபரேசன் பண்ணுன கையி தோளுக்கு மேல தூக்க வராதே. காலையில போயி நின்னு பாத்தேன், எட்டல. வெள்ளரளி தாழக் கெடந்துச்சு. கைக்கு எட்டுனதத்தான பறிக்க முடியும்? ரேணுகாளப் பறிச்சுத் தரச் சொல்லியிருக்கலாம்ங்கறியா? பக்கத்துலதான் நின்னா. உசரமான புள்ளைதான். அவளும் பறிக்கல, நானும் கேக்கல. பேப்பரு மடிக்கறப்ப நூல மட்டும் நீட்டுனா.

மாமியா ஒடைச்சா மண்கொடம், மருமக ஒடைச்சாப் பொன்கொடம்னு நெனைக்கறே. தெரியுது, உம்மூஞ்சியிலயே தெரியுது. அவ பண்ணுனது வேற, நான் பண்றது வேற. அவ பி.எஸ்ஸி. படிச்ச திமிருல பண்ணுனா. நான் பெத்தவ. சாமிக்கு எத்தனையோ சோலி கெடக்கும், நம்மாலானத நாம சுலுவாப் பண்ணி வெக்கோணும், அவ்வளவுதான். நாளைக்குக் காலையில டாக்டருகிட்ட டோக்கன் கூடப் போட்டாச்சு. மாப்பள காரு கொண்டாறேன்னுட்டாரு. ஊருக்குத் திரும்புனதும் சரசாளையும் மறுக்காக் கேக்கச் சொல்லோணும். நானே மடிச்சுத் தாரேன்னு சொல்லப்போறேன். நம்ம தோட்டத்துப் பூவுதான, காசா பணமா.

ஆனா ஒண்ணு அம்மிணி. பூங்கொடி, "நீயே எடும்மா"ம்பா. அதுதான் பயமா இருக்குது. ரெண்டும் வெள்ளைதான், நாந்தான் மடிச்சேன், தெரியும். இருந்தாலும் இந்தக் கையி எடுத்தாச் செவப்பா மாறீருமோன்னு பயம். எங்கக்காளுக்கு எடுத்த கையில்ல இது. அதனாலதான் மொத எடுப்பு உன்னைய எடுக்கச் சொன்னேன். இதையே திருப்பி மடிச்சு வெச்சுக்கறேன், நல்ல கையி பட்ட பூவு.

போனு அடிக்குது பாரு, பையிக்குள்ள. எடுத்துப் பேசேன், எனக்குக் கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது. ஆரு? ரேணுகாளா? எதுக்காம் இப்ப? மாத்திரை முழுங்கியாச்சான்னா? முழுங்கியாச்சுன்னு சொல்லு. சாப்புட்டாச்சான்னா? அதெல்லாம் ஆச்சு. இவளுக்கு வேற வேலை இல்ல.

இரு, வெச்சுறாதே. சொல்லு அவகிட்ட. ஆத்தா வெள்ளப் பூவுதான் குடுத்தாளாம்னு சொல்லு.

என்னங்கறா? சிரிக்கறாளா?

சிரிப்பா, சிரிப்பா. ஏமாத்துக்காரி.